எல்லாத் திரைக்கும் ஒரே கோட் போதுமா? (ஆய்வுப் படிவச் செயலி: போன், டேப்லெட், கணினி, டிவி)

அரைப்புள்ளி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரப் பராமரிப்பு ஆட்கள் களத்தில் நின்றபடி நிரப்பும் ஆய்வுப் படிவம்தான் எங்கள் செயலி. பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன், சிலரிடம் ஐபோன், சிலரிடம் டேப்லெட். மேற்பார்வையாளர்கள் அதையே கணினியில் திறந்து சரிபார்க்கிறார்கள். போதாக்குறைக்கு, அன்றைய நிலவரத்தைக் காட்ட அலுவலகச் சுவரில் ஒரு டிவி. இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வெப் செயலி. டெவலப்பர்கள் மூன்றே பேர்.

புகார்கள் இவை. போட்டோ எடுக்கக் கேமராவுக்குப் போய்த் திரும்பினால் பாதி நிரப்பிய படிவம் காலி. போனில் 'சமர்ப்பி' பொத்தான் அடியில் ஒளிந்துகொள்கிறது. டேப்லெட்டில் ஒற்றைப் பத்தி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுபட்டு நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

மேலிடத்தில் யாரோ ஃபிளட்டர் (ஒரே கோடிலிருந்து பல இயங்குதளங்களுக்குச் செயலி கட்டும் கூகுளின் கருவி) டெமோ பார்த்துவிட்டார்கள். "எல்லாவற்றையும் அதில் திரும்ப எழுதிவிடலாம், ஒரே கோட், எங்கேயும் ஓடும்" என்று பேச்சு அடிபடுகிறது. சரிப்பட்டு வருமா?

---

பழைய உலாவி எழுதியது:

இந்த வாக்குறுதிக்கு வயது அதிகம். 1995-இல் ஜாவாவை சன் நிறுவனம் இதே சொல்லோடுதான் கொண்டுவந்தது: ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு. சர்வரில் அது பலித்தது. கணினித் திரையில் ஜாவா ஜன்னல்கள் எந்த இயங்குதளத்திலும் வெளியூர்க்காரர் போலவே தெரிந்தன.

அப்புறம் வெப் பக்க மொழியான எச்டிஎம்எல்5-இன் காலம். அதன்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்ததுதான் நிறுவனத்தின் பெரிய தவறு என்று 2012-இல் மார்க் சக்கர்பர்க்கே மேடையில் சொன்னார். அந்த ஆண்டே ஃபேஸ்புக்கின் ஐபோன் செயலியை நேட்டிவாக, அதாவது அந்த இயங்குதளத்துக்கென்றே, திரும்ப எழுதினார்கள். 2018-இல் ஏர்பிஎன்பி, ஃபேஸ்புக்கின் பல இயங்குதளக் கருவியான ரியாக்ட் நேட்டிவை விட்டு வெளியேறியது. 2019-இல் டிராப்பாக்ஸ், ஐஓஎஸ்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பொதுவாக வைத்திருந்த சி++ கோடைக் கைவிட்டதற்கான காரணங்களை விரிவாக எழுதியது. உடனே "பார்த்தீர்களா" என்று கிளம்பிவிடாதீர்கள். ஷாப்பிஃபை 2020-இல் நேரெதிராகப் போய், இனி மொபைலுக்கு ரியாக்ட் நேட்டிவ்தான் என்று அறிவித்தது.

யார் விட்டார்கள், யார் பிடித்தார்கள் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. டிராப்பாக்ஸ் சொன்ன காரணங்களைப் படித்தால், சி++ மோசமான மொழி என்பது அதில் இல்லை. பொதுக் கோடைத் தாங்கிப்பிடிக்கத் தங்களுக்கென்றே தனிக் கருவிகள் கட்ட வேண்டியிருந்தது, அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதும் கடினமாக இருந்தது. அதுதான் செலவு.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். மூன்று புகார்களில் ஃபிளட்டருக்கு மாறினால் தானாகத் தீரக்கூடியது எது? என் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

---

சுட்டுவிரல் எழுதியது:

படிவம் காலியாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

கேமரா நினைவகத்தை நிறையக் கேட்கும். நினைவகம் குறைந்த போனில் இயங்குதளம் பின்னால் இருப்பவற்றை மூடிவிட்டு இடம் தேடும். உங்கள் உலாவித் தாவலும் அதில் போய்விடும். பயனர் திரும்பி வரும்போது பக்கம் புதிதாக ஏற்றப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மாறியில் வைத்திருந்த எதுவும் மிஞ்சாது. டெவலப்பர் மேசையிலுள்ள நல்ல போனில் இது நடக்கவே நடக்காது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

நேட்டிவுக்குப் போனாலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் வியூமாடல் (திரையின் தரவைப் பிடித்து வைக்கும் பகுதி) திரையைச் சுழற்றினால் தாங்கும். செயலியின் பிராசஸையே (ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே) கொன்றுவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஃபிளட்டரிலும் மீட்டெடுக்கும் வேலையை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு புலம் மாறும்போதும் வரைவை இன்டெக்ஸ்டுடிபியில் (உலாவிக்குள்ளேயே உள்ள தரவுத்தளம்) எழுதிவிடுங்கள். பக்கம் மூடும்போது சேமிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்லோட் நிகழ்வு மொபைலில் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. பக்கம் மறையும்போது வரும் விசிபிலிட்டி மாற்ற நிகழ்வைக் கடைசிச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சஃபாரியில் 2020 முதல் ஒரு விதி உண்டு: பயனர் உங்கள் தளத்தைத் தொடாமலே 7 நாட்கள் சஃபாரியைப் பயன்படுத்தினால், ஜாவாஸ்கிரிப்ட் எழுதி வைத்த சேமிப்பு துடைக்கப்படும். முகப்புத் திரையில் நிறுவிய வெப் செயலிக்கு இந்தக் கணக்கு தனி. ஆகவே வரைவு உலாவியில் இருக்கிறது என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருக்க முடியாது. நெட் கிடைத்தவுடன் வரைவையும் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்.

---

கட்டம்கட்டி எழுதியது:

டேப்லெட் விவகாரம் என் பேட்டை.

முதல் கேள்வி: லேஅவுட்டை (திரை அமைப்பை) எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? யூசர் ஏஜென்ட்டை, அதாவது உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாள வரியை, படித்து "இது ஐபேட், இது போன்" என்று பிரிக்கிறீர்களா? 2019-இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்தபோது ஐபேட் சஃபாரி தன்னை மேக் கணினி என்று அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. பெயரைக் கேட்டு வேலை செய்த தளங்கள் எல்லாம் ஒரே இரவில் தொடுதிரைக்குக் கணினிப் பக்கத்தைக் கொடுத்தன. சாதனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், அதற்கு என்ன முடியும் என்று கேளுங்கள். எவ்வளவு அகலம் இருக்கிறது? சுட்டும் கருவி விரலா, மவுஸா? ஹோவர் (அழுத்தாமல் மேலே நிறுத்துவது) உண்டா? இவை மூன்றுக்கும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் உள்ள மீடியா குவெரியே பதில் சொல்லும்.

அகலம் என்பது சாதனத்தின் அகலம் அல்ல, உங்களுக்குக் கிடைத்த ஜன்னலின் அகலம். டேப்லெட்டில் பயனர் திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் கையேடு, ஒரு பக்கம் உங்கள் படிவம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் போனில்தான் இருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு வழிகாட்டியின் அடிப்படை வகைகள் மூன்று: 600 டிபிக்குக் (திரை அடர்த்தியைச் சாராத ஆண்ட்ராய்டு அளவலகு) கீழே குறுகியது, 600 முதல் 840 வரை நடுத்தரம், அதற்கு மேல் விரிந்தது. வெப்பிலும் இந்த எல்லைகளிலிருந்து ஆரம்பிக்கலாம், குறையொன்றும் இல்லை. "நாங்கள் செங்குத்தாகப் பூட்டி வைத்திருக்கிறோம்" என்பதும் இனிச் செல்லாது. ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைத்துக் கட்டும் செயலிகளுக்கு, 600 டிபியும் அதற்கு மேலும் உள்ள பெரிய திரைகளில் அந்தப் பூட்டை இயங்குதளமே பொருட்படுத்தாது. விளையாட்டுச் செயலிகளுக்கு விலக்கு உண்டு.

ஒரு படிவப் பகுதி தன்னைச் சுற்றியுள்ள பெட்டியின் அகலத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ள கன்டெய்னர் குவெரி இருக்கிறது. 2023 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டதால் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் உண்டு. ஒரே 'இயந்திர விவரம்' துண்டு, போனில் முழுத் திரையாகவும் டேப்லெட்டில் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியும் வரும்.

பொத்தான் அளவு: ஆப்பிள் 44 புள்ளி சொல்கிறது, கூகுள் 48 டிபி, வெப் அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2-இன் ஏஏ நிலை குறைந்தது 24 சிஎஸ்எஸ் பிக்சல். உங்கள் ஆட்கள் கையுறை போட்டவர்கள் என்றால் 48-ஐயே குறைந்தபட்சமாக வையுங்கள்.

---

அரைப்புள்ளி எழுதியது:

கையுறைதான், ஆமாம். எங்கள் பொத்தான் 32. யூசர் ஏஜென்ட்டும் படிக்கிறோம். சரி, சமர்ப்பி பொத்தான் ஏன் ஒளிகிறது?

---

சுட்டுவிரல் எழுதியது:

உயரம் 100 விஎச் (திரை உயரத்தின் சதவீத அலகு) என்று கொடுத்திருப்பீர்கள். மொபைல் உலாவியில் முகவரிப் பட்டை ஏறி இறங்கும். விஎச் என்பது பட்டை சுருங்கிய நிலையில் உள்ள பெரிய உயரம். பட்டை விரிந்திருக்கும்போது அந்த வித்தியாசம் திரைக்குக் கீழே போய்விடும். உங்கள் பொத்தான் அங்கேதான் இருக்கிறது. பட்டைக்கேற்ப மாறும் டிவிஎச் என்ற அலகு இதற்காகவே வந்தது, 2022 முதல் எல்லா முக்கிய உலாவியிலும் இருக்கிறது. ஐபோனில் அடியில் உள்ள கோட்டுக்குச் சேஃப் ஏரியா இடைவெளியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

விசைப்பலகை திறந்திருக்கும்போதும் ஒளிகிறதா? ஐஓஎஸ்ஸில் விசைப்பலகை வந்தால் பக்கத்தின் லேஅவுட் சுருங்காது, கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் சுருங்கும். ஆண்ட்ராய்டு குரோமும் 108-ஆம் பதிப்பிலிருந்து அதே வழிக்கு வந்துவிட்டது. அடியில் ஒட்டவைத்த பொத்தான் விசைப்பலகைக்குப் பின்னால் போய்விடும். நீளமான படிவத்தில் பொத்தானை ஒட்டவைக்காமல் கடைசிப் புலத்துக்குக் கீழே சாதாரணமாக விடுவதே மேல்.

அப்படியே உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் ஐபோன் சஃபாரி தொட்டவுடன் பெரிதாக்கிக் காட்டும், பயனர் தொலைந்துபோவார்.

---

முழுஎண் எழுதியது:

எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பல சாதனம் என்றால் உண்மையில் கழுத்தை அறுப்பது தரவுதான்.

ஆய்வு எண்ணை 64 பிட் முழு எண்ணாக வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் 9007199254740993. ஆண்ட்ராய்டில் அப்படியே வரும். உலாவியில் ஜேசனை (தரவை அனுப்பும் உரை வடிவம்) பிரித்தால் 9007199254740992. பிழைச் செய்தி எதுவும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணால் 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் ஒவ்வொரு முழு எண்ணையும் பிரித்தறிய முடியாது, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் வேறொருவரின் ஆய்வைத் திறந்து "ஒப்புதல்" அழுத்துவார். ட்விட்டர் 2010-இல் எண்ணோடு கூடவே சரமாகவும் (எழுத்து வரிசையாகவும்) ஒரு அடையாளத்தை அனுப்பத் தொடங்கியது இதனால்தான். அடையாள எண் எதுவானாலும் சரமாக அனுப்புங்கள்.

தேதி: "2024-03-05" என்று மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். கூடவே நேரத்தையும் கொடுத்து மண்டலத்தை விட்டுவிட்டால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யுடிசிக்குப் பின்தங்கிய மண்டலத்தில் இருப்பவருக்கு ஆய்வு முந்தைய நாள் நடந்ததாகத் தெரியும்.

இப்போது நமக்கு நெருக்கமான ஒன்று. "குறிப்பு 50 எழுத்துக்குள்" என்று ஒரு விதி இருக்கும். 'கொக்கு' என்று எழுதிப் பாருங்கள். ஐபோன் மொழியான ஸ்விஃப்டில் எண்ணினால் 3. ஆண்ட்ராய்டின் காட்லினிலும் வெப்பின் ஜாவாஸ்கிரிப்டிலும் 6. யுடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறை) பைட்டாக எண்ணும் இடத்தில் 18. கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் மென்பொருளிலிருந்து வந்தால் அந்த 6, 7 ஆகிவிடும். ஐபோன் ஏற்றுக்கொண்ட குறிப்பை சர்வர் துப்பும், பயனருக்கு ஏன் என்றே புரியாது. சேமிக்கும் முன் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் யூனிகோட்) வடிவத்துக்கு மாற்றுங்கள். எந்தக் கணக்கு என்பதை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.

இதனால் நான் சொல்ல வருவது: கோடைப் பகிர முடிகிறதோ இல்லையோ, விதிகளின் சோதனைகளைப் பகிருங்கள். ஒரே ஒரு ஜேசன் கோப்பு. இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை என்று இருநூறு வரி. சர்வர், வெப், நாளைக்கு வரும் மொபைல் செயலி எல்லாம் தத்தம் மொழியில் அந்தக் கோப்பைப் படித்து டெஸ்ட் ஓட்ட வேண்டும். விதி மாறினால் முதலில் கோப்பு மாறும், யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பில்ட் சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும்.

---

எதிர்வாதி எழுதியது:

முழுஎண் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் ஜேசன் கோப்பு தானாகக் கோட் எழுதிவிடாது. மூன்று பேர் கொண்ட குழு. ஒவ்வொரு வசதியையும் ஸ்விஃப்டில் ஒருமுறை, காட்லினில் ஒருமுறை, வெப்புக்கு டைப்ஸ்கிரிப்டில் ஒருமுறை எழுதினால் ஆண்டு முழுக்க ஒரே படிவத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். மேலிடம் கேட்பது முட்டாள்தனம் இல்லை.

ஃபிளட்டர் தன் திரையைத் தானே வரைகிறது. இரண்டு போனிலும் ஒரே மாதிரி வரும். படிவம் மாதிரியான வேலைக்கு அது வரம்தான். அதே காரணத்தால் வெப்பில் அது எனக்குப் பிடிக்காது: முதல் ஏற்றம் கனம், உலாவியின் பக்கத்துக்குள் தேடும் வசதி, எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுப்பது எல்லாம் இயல்பாக வராது. மேற்பார்வையாளர் நாள் முழுக்கச் செய்வதே தேடுவதும் நகலெடுப்பதும்தான். ரியாக்ட் நேட்டிவ் இயங்குதளத்தின் சொந்தக் கட்டுப்பாடுகளையே பயன்படுத்தும். காட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையான பதிப்பானது. விதிகளை மட்டும் பகிர்ந்து திரையைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை: போன், டேப்லெட் இரண்டுக்கும் ஃபிளட்டர். கணினிக்கு இருக்கும் வெப் அப்படியே. "ஒரே கோட்" என்ற கனவை மட்டும் பாதியாக வெட்டுங்கள்.

---

பழைய உலாவி எழுதியது:

@எதிர்வாதி, பாதி வெட்டு எனக்கும் சம்மதம். எங்கே வெட்டுவது என்பதில்தான் தகராறு. நீங்கள் சாதனத்தை வைத்து வெட்டுகிறீர்கள், நான் வேலையை வைத்து வெட்டுவேன். களத்தில் நிற்பவர் ஒரு கையால், வெயிலில், விட்டு விட்டு வரும் நெட்டில் ஒரே ஒரு படிவத்தை முடிக்கிறார். மேற்பார்வையாளர் உட்கார்ந்து நூறு படிவத்தை ஒப்பிடுகிறார். இரண்டும் வேறு வேறு மென்பொருள். தரவு மட்டும் பொது. மேற்பார்வையாளர் போனில் திறந்தாலும் அவருக்கு வேண்டியது ஒப்பிடும் திரையின் சுருங்கிய வடிவம், களப் படிவம் அல்ல. இன்றைய வெப்பிலேயே இந்த இரண்டையும் பிரிக்கலாம்.

---

முழுஎண் எழுதியது:

மொபைல் செயலி பக்கம் போனால் ஒன்றை மனதில் வையுங்கள். வெப்பில் காலையில் திருத்தினால் மதியத்துக்குள் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆப் ஸ்டோரில் போட்ட செயலி அப்படி இல்லை. அப்டேட்டை அணைத்து வைத்தவர் பழைய பதிப்போடு மாதக்கணக்கில் உங்கள் சர்வரின் கதவைத் தட்டுவார். ஆப்பிளின் படிப்படியான வெளியீடு என்பதே 7 நாள்: தானாக அப்டேட் ஆகிறவர்களில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போகும். அந்த ஒரு வாரம் இரண்டு பதிப்பும் சேர்ந்தே ஓடும்.

எனவே ஏபிஐயில் (செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி) புலம் சேர்க்கலாம், இருப்பதன் பொருளை மாற்றக் கூடாது. செயலி தனக்குத் தெரியாத புலத்தைக் கண்டால் சத்தமில்லாமல் கடந்து போக வேண்டும். "இந்தப் பதிப்புக்குக் கீழே இருந்தால் அப்டேட் கேள்" என்ற வசதியை முதல் ரிலீஸிலேயே வைத்துவிடுங்கள். பிறகு வைத்தால், அது யாருக்குத் தேவையோ அவரிடம் மட்டும் இருக்காது.

நெட் இல்லாத இடத்துப் படிவத்துக்கு அடையாளத்தைப் போனே உருவாக்கட்டும், யுயுஐடி (ஒன்றோடொன்று மோதாத அடையாள எண்) போதும். சர்வர் வாங்கிக்கொண்டது, பதில் வழியில் விழுந்துவிட்டது, போன் மறுபடி அனுப்புகிறது என்று வையுங்கள். அதே அடையாளம் வந்தால் சர்வர் இரண்டாவது படிவத்தை உருவாக்காது. யார் கடைசியாகத் திருத்தினார் என்பதைப் போன் கடிகாரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பயனர் கடிகாரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பார். சர்வர் கொடுத்த பதிப்பு எண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், பொருந்தாவிட்டால் இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

---

கட்டம்கட்டி எழுதியது:

டிவியைப் பற்றி யாருமே பேசவில்லை, பாவம். டிவிக்குள்ளேயே இருக்கும் உலாவியை நம்ப வேண்டாம். பெரும்பாலும் தயாரித்த காலத்து எஞ்சினோடு நின்றுவிடும், நான் மேலே சொன்ன கன்டெய்னர் குவெரி அதில் இருக்காது. ஒரு சின்னக் கணினியை எச்டிஎம்ஐயில் சொருகி வழக்கமான உலாவியை முழுத் திரையில் ஓட்டுங்கள். ஓரங்களில் 5 சதவீதம் இடம் விடுங்கள், சில டிவிகள் விளிம்பை வெட்டும். எழுத்தைத் தூரத்திலிருந்து படிக்கிறார்கள் என்பதால் கணினித் திரையின் அட்டவணையை அப்படியே பெரிதாக்கினால் பயனில்லை. நான்கு எண்கள், ஒரு பட்டியல், போதும்.

---

அரைப்புள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மேலிடத்தில் இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்: இப்போதைக்குத் திரும்ப எழுத வேண்டாம். முதலில் வரைவுச் சேமிப்பு, டிவிஎச், பொத்தான் அளவு. அப்புறம் களத் திரையையும் மேற்பார்வைத் திரையையும் பிரிப்பது, யூசர் ஏஜென்ட்டைத் தூக்குவது. கூடவே விதிகளுக்கான ஜேசன் கோப்பு. ஃபிளட்டர் பேச்சு அதற்குப் பிறகு.

சோதிப்பது எப்படி? எங்களிடம் இருப்பது எமுலேட்டரும் (கணினியில் ஓடும் பாவனைப் போன்) இரண்டு நல்ல போனும்தான்.

---

சுட்டுவிரல் எழுதியது:

உங்கள் பயனர்களிடம் இருப்பதிலேயே மட்டமான போன் ஒன்றை வாங்குங்கள். எமுலேட்டர் உங்கள் லேப்டாப்பின் சிபியுவில் ஓடுகிறது, வேகத்தைப் பற்றி அது சொல்வதை நம்ப முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு உங்களுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். நீளமான படிவத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாப் புலத்தையும் சரிபார்த்தால் மட்டமான போனில் விசைப்பலகையே திணறும்.

அந்தப் போனில் இதைச் செய்து பாருங்கள்: படிவத்தைப் பாதி நிரப்பி, கேமராவைத் திறந்து, இன்னும் நாலைந்து கனமான செயலிகளைத் திறந்துவிட்டுத் திரும்புங்கள். நடுவில் விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள். பின்னால் நேட்டிவுக்குப் போனால், டெவலப்பர் ஆப்ஷனில் உள்ள "செயல்பாடுகளை வைத்திருக்காதே" மட்டும் போதாது. அது திரையைத்தான் அழிக்கும், பிராசஸ் உயிரோடு இருக்கும். ஹோம் அழுத்திவிட்டு ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் கருவி) வழியாகச் செயலியைக் கொன்று திரும்பத் திறங்கள்.

கையுறையும் மறக்காதீர்கள்.

---

எதிர்வாதி எழுதியது:

திட்டம் நன்று. ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் முட்டத்தான் போகிறீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: போட்டோக்களைப் பின்னணியில் அனுப்புவது. பக்கம் மூடியிருக்கும்போது, நெட் திரும்பியதும் அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் குரோம் போன்ற குரோமியம் உலாவிகளில்தான் உண்டு, சஃபாரியில் இல்லை. ஐபோன்காரர் செயலியைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

---

அரைப்புள்ளி எழுதியது:

அது எங்களுக்கு நிஜமான தலைவலிதான், ஒரு ஆய்வுக்குப் பத்துப் பதினைந்து போட்டோ வரும். ஐபோன் ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே நெட் இல்லாமல் இருக்கிறார்கள் என்று முதலில் லாகிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் பகுதிக்கு மட்டும் வெப்பைச் சுற்றி ஒரு நேட்டிவ் ஓடு போட்டு, அனுப்பும் வேலையை அதனிடம் விடலாமா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன். யாராவது அப்படிச் செய்திருந்தால் அங்கே வந்து எழுதுங்கள்.